ஸ்பானருக்கு முன்னே காது

கார்த்திகை தீபம் நெருங்கினால் எங்கள் திருவண்ணாமலைப் பட்டறைக்குப் புதுப் பையன்கள் வந்துவிடுவார்கள். ஐ.டி.ஐ. முடித்தவன் ஒருவன், பத்தாவது தாண்டாதவன் ஒருவன், "எங்கப்பாதான் அனுப்பினாரு" என்று தலையைச் சொறிகிறவன் ஒருவன். முதல் நாள் யார் கையிலும் ஸ்பானர் கொடுக்கமாட்டேன். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவேன். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையைச் சுற்ற ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கூட்டம் வருகிறது. தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். ஆந்திரா, கர்நாடகா, சேலம், சென்னை என்று வேன் வேனாக இறங்குவார்கள். கூரையில் அண்டாவும் அரிசி மூட்டையும், உள்ளே பாய், போர்வை, பாட்டி. வேட்டவலம் ரோட்டிலோ அவலூர்பேட்டை ரோட்டிலோ ஓரங்கட்டிவிட்டால் அந்த வேன்தான் இரண்டு மூன்று நாளைக்கு வீடு. ரமணாசிரமம் இருக்கும் செங்கம் ரோட்டுப் பக்கம் எப்போதாவது நிஜமாகவே வீடாகக் கட்டிய வண்டியும் வரும். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் அதை மோட்டார்ஹோம் என்கிறார்கள். நம்மூரில் கேரவன் என்றால் சினிமா நடிகர் இளைப்பாறும் வண்டி என்றுதான் நினைப்பு. பேர் எதுவானாலும் நோய் ஒன்றுதான். ஓடுகிறவரை ஓடும், நாலு நாள் நின்றுவிட்டுக் கிளம்பும்போது செல்ஃப் அடித்தால் பிடிக்காது.

தம்பிகளா, அந்த நோய்க்கு நான் கற்ற வைத்தியம் இது. வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் கேள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே இருந்துச்சு." எல்லா டிரைவரும் சொல்வது இதுதான். அதோடு விட்டுவிடாதே. காலையில் மட்டும் பிடிக்கவில்லையா, ஓடிச் சூடான பிறகும் பிடிக்கவில்லையா? எத்தனை நாள் நின்றது? கடைசியாக எங்கே டீசல் போட்டார்கள்? கடைசியாக யார் கை வைத்தது? இந்த நாலு கேள்வியில் பாதி வேலை முடியும். காலையில் மட்டும் தகராறு என்றால் டீசல் லைனில் காற்று, அல்லது ஹீட்டர் பிளக். சூட்டில் மட்டும் தகராறு என்றால் பம்பு, அல்லது செல்ஃப் மோட்டார். டீசல் போட்ட பிறகு வந்தது என்றால் தண்ணீர். சர்வீஸ் முடிந்த மறுநாள் வந்தது என்றால் யாரோ ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை. அவனைத் திட்டாதே, அந்த போல்ட்டைத் தேடு.

2. டேங்கில் டீசல் இருக்கிறதா என்று பார்.

சிரிக்காதே. மீட்டர் முள் பாதியில் நிற்கும், மிதவை சிக்கியிருக்கும். சாய்வான இடத்தில் நிறுத்தியிருந்தால் டேங்கில் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் வெறுங்காற்றை இழுக்கும். ஒரு சுத்தமான குச்சியை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூடியைத் திறக்கும்போதே "உஸ்" என்று காற்று உள்ளே போகிறதா என்றும் கவனி. போனால் டேங்கின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்டாப்பர் கேபிள் வைத்த பழைய வண்டியாக இருந்தால் அது முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று பார். கால் அங்குலம் வெளியே நின்றாலும் பம்பு டீசலை விடாது.

3. செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டுக் காதைக் கொடு.

கண்ணை மூடிக்கொண்டு கேள். "டக்" என்று ஒரே சத்தத்தோடு நின்றால் கரண்ட் போதவில்லை, இல்லையென்றால் சொலினாய்டு. "உர்ர்... உர்ர்" என்று மாட்டுவண்டி மேடேறுவதுபோல் சுற்றினால் பேட்டரி, கேபிள், எர்த். "விர்ர்" என்று வெறுமனே சுற்றி எஞ்சின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ் பல்லில் பிடிக்கவில்லை. நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் டீசல் பக்கம் போ. டீசல் எஞ்சினுக்குச் சுற்றும் வேகம்தான் உயிர். மெதுவாகச் சுற்றினால் அழுத்திய காற்று சூடேறுவதற்குள் அந்தச் சூட்டை இரும்பு தின்றுவிடும். சுற்றலே சரியில்லாத வண்டியில் நாசிலைக் கழற்றுகிறவன் மெக்கானிக் இல்லை.

4. பேட்டரியைச் சந்தேகப்படு, அளக்காமல் குற்றம் சாட்டாதே.

மல்டிமீட்டரை வை. ராத்திரி முழுக்கச் சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி களைத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டரைப் பார். புது பேட்டரி விற்கப் பார்க்காதே.

வேனில் தூங்குகிறவர்களின் கதை எனக்கு மனப்பாடம். ராத்திரி பூரா பக்திப் பாட்டு, சின்ன ஃபேன், பாட்டி பயப்படக்கூடாது என்று ஒரு விளக்கு, பன்னிரண்டு செல்போன் சார்ஜில். காலையில் "பேட்டரி போச்சுண்ணே" என்பார்கள். பேட்டரி போகவில்லை, இவர்கள்தான் குடித்துத் தீர்த்தார்கள். முறையாகக் கட்டிய வீட்டு வண்டியில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று வீட்டுக்கு, ஒன்று செல்ஃபுக்கு. இரண்டையும் பிரிக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் வீடு தின்னும்போது செல்ஃபும் பட்டினி கிடக்கும். அதைப் பார்க்க மறக்காதே.

இன்னொரு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கும்போது முதலில் பிளஸ்ஸோடு பிளஸ். பிறகு கொடுக்கிற வண்டியின் மைனஸ். கடைசிக் கவ்வியைச் செத்த பேட்டரியில் மாட்டாதே. எஞ்சின் இரும்பில், பேட்டரிக்குத் தள்ளி மாட்டு. பேட்டரியிலிருந்து வரும் வாயு ஒரு பொறியில் வெடிக்கும். பக்கத்தில் நிற்கும் லாரிக்காரர் நல்ல மனசோடு கேபிளை நீட்டுவார். அவருடையது 24 வோல்ட். கும்பிடு போட்டுவிட்டு வேறு வண்டியைத் தேடு.

5. எர்த்தை மறந்தவன் அலைவான்.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் சேசிக்கும் நடுவே போகும் பின்னல் பட்டை அறுந்தோ துருவேறியோ இருந்தால் புது பேட்டரியும் பழையதுபோலத்தான் முனகும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸ் கம்பத்திலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துச் செல்ஃப் அடி. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். மீட்டர் இல்லையா? ஜம்பர் கேபிளால் மைனஸையும் எஞ்சினையும் நேராக இணைத்துப் பார். சட்டென்று வேகம் கூடினால் கண்டுபிடித்துவிட்டாய். உப்புத்தாள், வாஷர், கொஞ்சம் கிரீஸ். செலவு அவ்வளவுதான்.

செல்ஃப் மோட்டாருக்கும் மூச்சு விட நேரம் கொடு. பத்துப் பதினைந்து விநாடி அடி, ஒரு நிமிஷம் விடு. பிடிக்கவில்லை என்ற கோபத்தில் அரை நிமிஷம் விடாமல் அடித்து ஆர்மெச்சரைப் பொசுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு தொல்லையோடு வந்த வண்டியை இரண்டு தொல்லையோடு அனுப்பாதே.

6. புகையைப் படி.

ஒருவனைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி நீ சைலன்சர் பக்கம் போய் நில். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. ஹீட்டர், டைமிங், கம்ப்ரஷன் மூன்றில் ஒன்று. கறுப்புப் புகையோடு திணறினால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டரைத் திற, உள்ளே எலி கூடு கட்டியிருக்கலாம். மாசக்கணக்கில் நின்ற வண்டியில் எலி கூடு நான் கண்ட சங்கதி. எஞ்சின் தன் நோயை வெளியே எழுதிக் காட்டும் இடம் சைலன்சர் வாய். நாம் மூடியைக் கழற்றும் அவசரத்தில் அங்கே போவதில்லை.

7. டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து பாட்டிலில் பிடி.

கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிஷம் வை. தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். பாதி காலி டேங்கோடு மழைக்காலத்தில் நிற்கும் வண்டியில் ராத்திரிக் குளிருக்கு டேங்கின் உள்சுவர் வியர்க்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நாளடைவில் பாசிபோல் ஒரு வழவழப்பு பிடித்து ஃபில்டரை அடைக்கும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் ஒரு வாரத்தில் திரும்ப வருவான். டேங்கைக் கழுவு. வண்டிக்காரரிடம் சொல்: நிறுத்திவைப்பதானால் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

8. காற்று வெளியே தெரியாது.

இதை என் அவமானத்தோடு சேர்த்துச் சொல்கிறேன், அப்போதுதான் மறக்கமாட்டீர்கள்.

நான் கை தேறிவிட்டேன் என்று நானே நினைத்துக்கொண்டிருந்த வயது. ஒரு வெளிநாட்டுத் தம்பதி பழைய மெர்சிடஸ் 207 டி வண்டியில் வந்து ஊரில் தங்கியிருந்தார்கள். உள்ளே மரக்கட்டில், சின்ன சமையலறை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. தினமும் காலையில் ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டு விட்டுச் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கும். பிடித்துவிட்டால் அன்று முழுக்க ஒரு தட்டில் பிடிக்கும். வண்டியை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவேண்டிய தேதி அவர்கள் காகிதத்தில் இருந்தது. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "பம்பு வீக்" என்று சொல்லி எஃப்.ஐ. பம்பைக் கழற்றி வெளியூருக்கு காலிபரேஷனுக்கு அனுப்பினேன். மூன்று நாள் போயிற்று. பணமும் போயிற்று. பம்பு திரும்பி வந்தது, மாட்டினேன். மறுநாள் காலையில் அதே கதை.

என் மேஸ்திரிக்கு அப்போது வயதாகிவிட்டது. பட்டறை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில் கட்டி, ஹோஸை நேராகப் பம்புக்குக் கொடுக்கச் சொன்னார். டேங்க், பைப், ஃபீட் பம்பு எல்லாவற்றையும் விலக்கியாயிற்று. ராத்திரி அப்படியே விட்டோம். விடியற்காலையில் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் பிடித்தது.

கோளாறு எங்கே? ஃபீட் பம்பின் தலையில் இருந்த கைப்பம்பில். வெள்ளை பிளாஸ்டிக் குமிழ் வைத்த பழைய மாதிரி அது; உள்ளே சீல் தேய்ந்திருந்தது. ராத்திரி அந்த வழியாகக் காற்று நுழைய, லைனில் இருந்த டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும் நேரமெல்லாம் அந்த டீசலை மறுபடி மேலே இழுக்கத்தான். எஞ்சின் நின்றிருக்கும்போது துடைத்துப் பார்த்தால் சொட்டு ஈரம் இருக்காது. உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே விடாது, உள்ளேதான் இழுக்கும்.

அதற்குப் பாகம் தேட ஜெர்மனிக்கு எழுதவேண்டியிருக்கவில்லை. 207 டி-யில் இருந்த ஓ.எம். 616 எஞ்சினின் வழியில் வந்ததுதான் நம்மூர் டெம்போ டிராவலரின் பழைய எஞ்சினும். புனேயில் பஜாஜ் டெம்போ என்று இருந்து பிற்பாடு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆன கம்பெனி 1987-ல் கொண்டுவந்த வண்டி அது. பெங்களூரு மைக்கோவின் கைப்பம்பு ஒன்றை உள்ளூர்க் கடையில் வாங்கி, புதுக் காப்பர் வாஷரோடு மாட்டினோம். பம்பு வேலைக்கு ஆன செலவில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பம்புச் செலவை என் கூலியில் கழித்துக்கொள்ளும்படி மேஸ்திரி சொன்னார். கழித்தேன்.

ஆகவே உயரத்தில் கட்டிய கேனை மறக்காதே. கேனில் பிடித்தால் கோளாறு டேங்கிலிருந்து ஃபீட் பம்பு வரைக்கும் உள்ள வழியில். கேனிலும் பிடிக்கவில்லை என்றால் அதைத் தாண்டி. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் கண்ணாடி ஹோஸ் போட்டால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். ஏர் எடுக்கும்போது டேங்க் பக்கமிருந்து நாசில் பக்கம் போ. முதலில் ஃபில்டர் தலைத் திருகு, பிறகு பம்புத் திருகு, கடைசியில் நாசில் நட்டு. கழற்றிய காப்பர் வாஷரைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்றாதே.

9. ஹீட்டர் பிளக்கை வெயில் ஊர் என்று அலட்சியம் பண்ணாதே.

மலை உச்சியில் 2,668 அடி உயரத்தில் தீபம் ஏற்றுகிறவர்களுக்குக் கொப்பரை வேண்டும், நெய் வேண்டும், திரி வேண்டும், காற்றுக்கு அணையாத முதல் நெருப்பு வேண்டும். டீசல் எஞ்சினுக்குத் திரியும் இல்லை, பொறியும் இல்லை. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டியது இதைத்தான்: காற்றை இறுக்கு, அந்தச் சூடே பற்றவைக்கும். ஓ.எம். 616-ல் இருபத்தொரு பங்கு காற்றை ஒரு பங்காக இறுக்குகிறோம். 500 டிகிரிக்கு மேல் சூடேறும். ஆனால் இந்த எஞ்சினில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழுவதில்லை. முன்னால் ஒரு சின்ன அறையில் விழுகிறது. ஆறிப்போன அறைச் சுவர் சூட்டை வாங்கிக்கொள்ளும். அதனால்தான் மார்கழிக் காலையில் மட்டுமல்ல, சாதாரணக் காலையிலும் ஹீட்டர் தேவைப்படுகிறது.

சோதிப்பது சுலபம். பிளக்கின் ஒயரைக் கழற்று. டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறு முனை பிளக்கின் தலையில். எரிந்தால் கம்பி அறுபடவில்லை. பழைய மாதிரியில் நாலு பிளக்கும் மாலைபோல் ஒரே சரமாகக் கோத்திருக்கும்; ஒன்று அறுந்தால் நாலும் செத்துவிடும். புது மாதிரியில் தனித்தனி. ஒன்று போனால் ஒரு சிலிண்டர் மட்டும் காலையில் வெள்ளைப் புகையோடு உதறும். பிளக் நான்கும் சரி என்றால் ரிலேயையும் ஃபியூஸையும் பார்.

10. பெட்ரோல் துணி வேண்டாம்.

ஏர் ஃபில்டரைக் கழற்றி வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டும் வித்தையை எவனாவது உனக்குக் காட்டுவான். வண்டி பிடிக்கும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். ஹீட்டர் பழுத்திருக்கும் அறைக்குள் பெட்ரோல் ஆவி போனால் நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டன் உடையும், ரிங் நொறுங்கும், சமயத்தில் துணி பிடித்தவன் முகம் கருகும். ஸ்பிரே டப்பாவுக்கும் இதே விதி. இந்த ஒரு விஷயத்தில் என் பட்டறையில் இரண்டாவது எச்சரிக்கை கிடையாது.

11. கூட்டத்தில் தள்ளாதே.

கிரிவல ரோட்டில் வெறுங்காலோடு குழந்தை நடக்கும், அங்கப்பிரதட்சிணம் செய்கிறவர் உருள்வார். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. ஸ்டீயரிங் கல்லாக இருக்கும். எட்டுப் பேர் "அரோகரா" என்று தள்ளி, திடீரென்று பிடித்துத் துள்ளினால் முன்னால் நிற்பது யார்? பேட்டரியைக் கொண்டு வா, இல்லை கயிறு கட்டி ஓரங்கட்டு.

12. சூட்டில் பிடிக்காத வண்டிக்கு ஈரத்துணி.

நல்லா ஓடி வரும், டீக்கடையில் நிறுத்துவார்கள், பத்து நிமிஷத்தில் கிளம்பினால் பிடிக்காது. ஒரு மணி நேரம் ஆறினால் பிடிக்கும். ரோட்டரி பம்பு வைத்த வண்டி என்றால் அதன் தலையில் ஈரத்துணியைச் சுற்றி மெல்ல ஆறவிடு. ஆறியதும் பிடித்தால் பம்பின் உள்தேய்மானம்தான். சூட்டில் டீசல் இளகித் தேய்ந்த இடைவெளியில் நழுவிவிடுகிறது. செல்ஃப் வேகத்தில் அழுத்தம் எழும்புவதில்லை. அப்போது மட்டும் பம்பைக் கழற்று. கொதிக்கும் இரும்பில் வாளித் தண்ணீரைக் கொட்டாதே, துணி போதும். பம்பு சரி, சுற்றல்தான் மந்தம் என்றால் செல்ஃப் மோட்டாரின் புஷ்ஷையும் கார்பன் பிரஷ்ஷையும் பார்.

13. காமன் ரெயில் வண்டியில் பழைய வீரம் காட்டாதே.

இப்போது வரும் வண்டிகளில் ரெயிலின் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். நாசில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கிற வேலை அங்கே கிடையாது. ஊசி முனைபோல் பீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். அப்படி ஆனால் வலிக்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. ஸ்கேனரை மாட்டு. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் ஏறுகிறதா, கிராங்க் சென்சார் சுற்றலைச் சொல்கிறதா என்று பார். அழுத்தம் ஏறவில்லை என்றால் ரிட்டர்ன் பைப்புகளை அளவு பாட்டிலில் விட்டு எந்த இன்ஜெக்டர் அதிகமாகத் திருப்பி விடுகிறது என்று பார். கருவி புதுசு. யோசனை அதே பழைய யோசனை: டீசல் எங்கே நழுவுகிறது?

14. தண்ணீரில் நின்ற வண்டிக்குச் சாவி போடாதே.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. மறுநாள் நம்மூரில் கொட்டிய மழையில் மலைச்சரிவு இறங்கி வ.உ.சி. நகரில் ஏழு உயிர் போயிற்று. அந்த வாரம் பட்டறைக்கு வந்தவை எல்லாம் சேற்று வண்டிகள். அவற்றில் பிழைத்தவை சாவி போடாமல் இழுத்துக்கொண்டு வந்தவைதான். காற்றை இறுக்கலாம், தண்ணீரை இறுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா பார். நனைந்திருந்தால் ஹீட்டர் பிளக்குகளையோ நாசில்களையோ கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்று. ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் கொட்டிவிட்டுப் புதிது ஊற்று. அதற்குப் பிறகுதான் சாவி.

15. வண்டிக்குள் அடுப்பு இருக்கிறது என்பதை மறக்காதே.

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த ஒரு யாத்திரைப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். கூடாது என்ற விதியை மீறி உள்ளே கேஸ் சிலிண்டர் கொண்டுவந்திருந்தார்கள். சமைத்துத் தூங்கும் வேனும் அதே மாதிரிப் பெட்டிதான். பேட்டரி கேபிளைத் தொடும் முன்பு கதவெல்லாம் திற, மோந்து பார். கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதே. எல்லோரையும் இறக்கு, சிலிண்டரை மூடி வெளியே வை. பீடி குடிக்கிற தம்பிக்கும் இந்த எண்ணில்தான் சொல்லியாகிறது.

16. எஞ்சினைத் திறப்பது கடைசி.

மேலே சொன்ன எல்லாம் பார்த்த பிறகும் வெள்ளைப் புகையோடு இழுத்தால் அப்போது உள்ளே போ. அங்கேயும் மலிவானது முதலில். டேப்பட் இடைவெளி பார். ஓ.எம். 616-க்குக் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.10, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். இடைவெளி இல்லாமல்போனால் வால்வு முழுக்க மூடாது, கம்ப்ரஷன் கசியும். அடுத்து டைமிங் செயின் நீண்டிருக்கிறதா, பம்பு டைமிங் பின்தங்கியிருக்கிறதா. அதற்கும் பிறகே கம்ப்ரஷன் கேஜ். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வோ ரிங்கோ. நாலும் தாழ்ந்திருந்தால் எஞ்சினுக்கு வயசாகிவிட்டது. அதைச் சொந்தக்காரரிடம் மறைக்காமல் சொல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மூன்றை மாற்றி வண்டி பிடித்தால் உனக்குக் கூலி கிடைக்கும், பாடம் கிடைக்காது.

17. பௌர்ணமி ராத்திரி இரண்டு மணிக்கு உன் கணக்கு சுத்தமாக இருக்கட்டும்.

வேற்றூர்க்காரர். பாஷை தெரியாது. உள்ளே குழந்தை அழுகிறது. நாளைக்கு அவருக்கு வேலை. நீ என்ன கேட்டாலும் கொடுப்பார். திரும்பி வரமாட்டார் என்றும் உனக்குத் தெரியும். துருவேறிய டெர்மினலைத் தேய்த்துவிட்டு பேட்டரி காசு வாங்க அதைவிட வசதியான நேரம் இல்லை. கழற்றிய பாகத்தை அவர் கையில் கொடு. எங்கே போயிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டு. நடுராத்திரி என்பதற்குக் கூலி கூடக் கேள், தப்பில்லை. பொய்ப் பாகத்துக்குக் கேட்காதே.

18. பிடித்துவிட்டது என்று கை கழுவாதே.

காலைக் கோளாறைச் சாயங்காலம் சரிசெய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. சூடான எஞ்சின் பொய் சொல்லும். ஆறிய எஞ்சினில்தான் தீர்ப்பு. வண்டியை ராத்திரி நிறுத்திவைக்கச் சொல். விடியற்காலையில் நீயே போய் முதல் செல்ஃபைக் கேள்.

அந்த மெர்சிடஸுக்குக் கைப்பம்பு மாட்டிய மறுநாள் நாலரை மணிக்கு நான் போனேன். மேஸ்திரி எனக்கு முன்னாலேயே அங்கே நின்றிருந்தார், தோளில் துண்டோடு. அந்த அம்மா தூக்கக் கலக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஹீட்டர் போட்டுக் காத்திருந்து சாவியைத் திருப்பினாள். அரைச் சுற்று, பிடித்தது. நான் சிரித்தேன். மேஸ்திரி சிரிக்கவில்லை; கையைக் காட்டி அணைக்கச் சொன்னார். பத்து நிமிஷம் நின்றார். மறுபடி போடச் சொன்னார். மறுபடி பிடித்தது. அப்புறம்தான், "டீ சொல்லுடா" என்றார்.